பேட்ச் பின்தங்கிவிடும் என்று வலியை மறைக்கும் தம்பி

கேள்வி: எங்கள் நாட்டில் போர் நடக்கிறது. 19 வயதுத் தம்பி ராணுவப் பயிற்சி முகாமில் இருக்கிறான். 16 வாரப் பயிற்சியை 10 வாரமாகச் சுருக்கிவிட்டார்கள். இப்போது நாலாவது வாரம். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். கீழ்க்காலில் வலி, அதற்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறான். மருத்துவரிடம் காட்டினால் அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்களாம். வெயில் கடுமை, குமட்டும் வரைக்கும் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்களாம். தங்கும் கூடத்தில் எல்லோருக்கும் இருமல். அவனுக்கு என்ன எழுதலாம், என்ன அனுப்பலாம்? ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே வாங்கி அனுப்பச் சொல்கிறார்களே, அது தேவையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியவற்றில் கொப்புளம் தொல்லை, இருமலும் பெரும்பாலும் தொல்லைதான். கவலைப்பட வேண்டியது மாத்திரை போட்டு மறைக்கும் அந்தக் கீழ்க்கால் வலி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பழக்கமில்லாத சுமை விழுந்தால் எலும்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் அதில் ஒரு வரிசை உண்டு. முதலில் பழைய எலும்பை அரித்து எடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். அரிக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டியது கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். பழைய சுவரை இடித்தாயிற்று, புதுச் சுவர் இன்னும் காயவில்லை, அதற்குள் மாடியில் மூட்டை ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின் 3-ஆவது வாரத்திலிருந்து கீழ்க்கால் வலி வரிசை கட்டி வருவதற்குக் காரணம் இதுதான். பயிற்சியைச் சுருக்கும்போது ஓட்டமும் சுமையும் சுருங்குவதில்லை, நாட்கள்தான் சுருங்குகின்றன. எலும்புக்கு அந்த உத்தரவு போய்ச் சேர்வதில்லை.

இது புதிய நோயும் அல்ல. 1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் வலியோடு வீங்குவதைப் பதிவு செய்தார். உள்ளே எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது என்பது எக்ஸ்ரே வந்த பிறகே, அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் தெரிந்தது.

தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வலிக்கும் இடத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறாரா, ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டுகிறாரா? கீழ்க்காலின் உட்புற விளிம்பில் 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவிய வலி, ஓட ஆரம்பிக்கும்போது இருந்து உடம்பு சூடானதும் குறைகிற வலி என்றால், அது பெரும்பாலும் எலும்பின் மேல்சவ்வும் அதை ஒட்டிய பகுதியும் நொந்துபோன நிலை. ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலோருக்கு அடங்கும். ஒரே புள்ளியில் குத்துகிறது, ஓட ஓடக் கூடுகிறது, ராத்திரி படுத்த பிறகும் வலிக்கிறது, அந்தக் காலில் ஒற்றைக்காலாகக் குதித்தால் சுருக்கென்று பிடிக்கிறது என்றால், விரிசல் என்று எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் 2, 3 வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சகஜம். “எக்ஸ்ரே நார்மல்” என்ற காகிதத்தோடு திரும்ப ஓட அனுப்பப்பட்டவர் பத்து நாள் கழித்து நொண்டிக்கொண்டு வருவார். புள்ளி வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், அல்லது வலிக்கு மதிப்புக் கொடுத்து ஓய்வு தந்து மறுபடி பார்க்க வேண்டும். தம்பி மருத்துவரிடம் “கால் வலிக்கிறது” என்று மட்டும் சொன்னால் போதாது. “இந்த இடத்தில், இத்தனை நாளாக, ராத்திரியும் வலிக்கிறது, குதித்தால் வலிக்கிறது, இன்ன மாத்திரை இத்தனை போட்டேன்” என்று சொல்லச் சொல்லுங்கள். காலையில் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது மருத்துவருக்கு ஒருவருக்கென்று கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஒழுங்காகச் சொன்ன நாலு வாக்கியம் அந்த நிமிடங்களைக் காப்பாற்றும்.

இடுப்பு மடிப்பிலோ, தொடையின் முன்பக்கத்தில் மேலேயோ வலி இருந்தால் கதை வேறு. அது தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விழுந்த விரிசலாக இருக்கலாம். குதித்துப் பார்க்கிற சோதனை கூடாது; அந்தக் காலை ஊன்றவே கூடாது. ஊன்றுகோலோடு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரிசல் முழு முறிவாகி எலும்பு விலகினால், மூட்டுப் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுபடும். இந்த வயதில் இடுப்பு மூட்டையே இழக்க நேரலாம்.

பேட்ச் பின்தங்கும் பயம் நியாயமானதுதான். கூடப் பழகியவர்கள் போய்விடுவார்கள், தெரியாத முகங்களோடு மறுபடி முதலிலிருந்து. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சவ்வு நொந்த நிலையிலேயே காட்டினால் ஒன்றிரண்டு வாரம் ஓட்டமும் சுமை நடையும் மட்டும் நிற்கும். துப்பாக்கி வகுப்பு, முதலுதவி, வரைபடம் படிப்பதெல்லாம் தொடரலாம். விரிசல் விழுந்த பிறகு காட்டினால் கீழ்க்காலுக்கு 6 முதல் 8 வாரம், சில இடங்களில் அதற்கும் மேல். 10 வாரப் பயிற்சியில் 6 வாரம் போனால் பேட்ச் தானாகவே போய்விட்டது. பின்தங்கக் கூடாது என்று மறைப்பவர்தான் நிச்சயமாகப் பின்தங்குகிறார்.

அந்த மாத்திரை ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகையாக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வலி என்ற காவலாளியைத் தூங்கவைத்துவிட்டு ஓடுவது ஒரு தப்பு. வெயிலில் நீர்ச்சத்து குறைந்த உடம்பில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்பது இன்னொன்று. தசைகளைப் பிழிகிற பயிற்சியும் சேர்ந்தால் ஆபத்து கூடும். நூற்றுக்கணக்கில் தண்டால் எடுக்கவைத்த மறுநாள் கை தூக்க முடியாமல் வீங்கி, சிறுநீர் தேநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால், தசை கரைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். காலை வரை காத்திருக்கக் கூடாது.

பயிற்றுநர்கள் கையில் இருக்கும் தடுப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அவர்கள் கண்ணிலும் இது படட்டும். பல ராணுவங்களில் அணிநடையில் ஒரு காலடியின் நீளம், அதாவது ஓர் எட்டு, 30 அங்குலம் (76 சென்டிமீட்டர்). குள்ளமானவர் உயரமானவரின் எட்டுக்கு ஈடுகொடுக்கக் காலை எட்டி எட்டிப் போடும்போது கீழ்க்காலிலும் இடுப்பெலும்பிலும் அடி கூடுகிறது. உயரம் குறைந்தவர்களை முன்வரிசையில் நிறுத்தி, எட்டின் அளவை அவர்கள் தீர்மானிக்கவிட்டால் பிரச்சினை குறையும். செலவில்லாத வேலை, ஆனாலும் அணி பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று உயரமானவர்களையே முன்னால் நிறுத்துகிறார்கள்.

இனி பூட்ஸ். கொப்புளம் தோல் தேய்வதால் மட்டும் வருவதல்ல. மேல்தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர, நடுவில் உள்ள அடுக்கு கிழிந்து நீர் கோப்பதுதான் கொப்புளம். ஈரம் அந்த ஒட்டலைக் கூட்டும். ஆகவே வழி இரண்டு: பாதம் உள்ளே நகரக் கூடாது, ஈரமாக இருக்கக் கூடாது.

பூட்ஸை மாலையில், நடக்கப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். பகல் முழுவதும் நின்றால் பாதம் வீங்கும். நின்றபடி பார்த்தால் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடம் வேண்டும். குதிகால் மேலெழும்பக் கூடாது. எழும்பினால் கயிற்றைக் கணுக்கால் வளைவில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு, அதற்கு மேலே தனியாகக் கட்டினால் குதிகால் பின்னுக்கு உட்காரும். மெல்லிய செயற்கை இழைச் சாக்ஸ் உள்ளே, கம்பளி கலந்த தடித்த சாக்ஸ் வெளியே என்று இரண்டு போட்டால் உரசல் அந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும், தோலில் நடக்காது. முழுப் பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு விடவே விடாது. சாக்ஸ் போட்டதும் விரல் நுனியில் தையல் மடிந்திருக்கிறதா, குதிகால் பக்கம் சுருக்கம் இருக்கிறதா என்று கையை விட்டு நீவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சுருக்கம் போதும், 10 கிலோமீட்டரில் கொப்புளம் நிச்சயம்.

நடக்கும்போது ஓர் இடம் சூடாக உறுத்த ஆரம்பித்தால் அதுதான் எச்சரிக்கை. அடுத்த நிறுத்தத்திலேயே பூட்ஸைக் கழற்றி, துடைத்து உலர்த்தி, சுருக்கமில்லாமல் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். பிளாஸ்டரின் மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் சாக்ஸில் மாட்டி உரியாது. பவுடர் துளி போதும். அள்ளிக் கொட்டினால் வியர்வையில் குழைந்து மணல் மாதிரி அறுக்கும்.

ஏற்கெனவே வந்த கொப்புளம் சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் உடைக்க வேண்டாம், மூடி வைத்தால் போதும். பெரிதாக விம்மி, பூட்ஸ் போட முடியாமல் இருந்தால் மருத்துவ உதவியாளரிடம் போவது நல்லது. வழியில்லையென்றால் இப்படிச் செய்யலாம்: சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் கொப்புளத்தின் கீழ் விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, சுத்தமான துணியால் மெதுவாக அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். மேல்தோலைப் பிய்க்கக் கூடாது; அதுதான் அந்தக் காயத்துக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த கட்டு. மேலே கொஞ்சம் வாசலின், ஒட்டாத கட்டுத்துணி, பிளாஸ்டர். சுற்றிலும் சிவப்புப் பரவினாலோ, கால்மேல் சிவப்புக் கோடு ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ கைவைத்தியம் அதோடு முடிந்தது.

நனைந்த பூட்ஸை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். தோல் வெடிக்கும், அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, அது ஈரமானதும் மாற்றி மாற்றி வைத்தால் போதும். குளிர்காலம் வந்தால் ஈரச் சாக்ஸோடு பல மணி நேரம் நிற்பது தனி ஆபத்து: உறைபனி இல்லாவிட்டாலும் பாதம் வெளுத்து மரத்துப்போகும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் பல்லாயிரம் பேரைப் படுக்க வைத்தது இதுதான். மரத்த பாதத்தைத் தேய்க்கவோ சூடு காட்டவோ கூடாது. உலர்த்தி, போர்த்தி, உயர்த்தி வைக்க வேண்டும்.

வெயிலுக்கு வருகிறேன். 1950-களில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பாரிஸ் தீவு மரைன் பயிற்சி முகாமில் வெப்பத்தால் வீரர்கள் சுருண்டு விழுந்ததன் பிறகுதான் பயிற்சிக்கென்றே ஒரு வெப்ப அளவீடு உருவானது. அதன் கணக்கில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்துக்கு 20, நிழலில் உள்ள சாதாரண வெப்பமானிக்கு 10. ஆகவே தொலைபேசியில் காட்டும் 33 டிகிரியைப் பார்த்துப் பயிற்சியை முடிவு செய்ய முடியாது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகும், உடம்பு குளிராது. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து எழுந்தவர், தூங்காதவர், கூடுதல் எடை உள்ளவர் ஆகியோர்தான் முதலில் விழுவார்கள்.

குமட்டும் வரை தண்ணீர் குடிக்கச் சொல்வது தப்பு. தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்பதை எல்லோரும் சொல்லிச் சொல்லி, கூடினாலும் ஆபத்து என்பது மறந்துவிட்டது. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து மூளை வீங்கும். அமெரிக்க ராணுவம் 1998-இல் தன் விதியைத் திருத்தி, மணிக்கு சுமார் 1.4 லிட்டருக்கும் நாளுக்கு சுமார் 11 லிட்டருக்கும் மேல் வேண்டாம் என்று உச்சவரம்பு வைத்தது. அது உச்சவரம்பு, இலக்கு அல்ல. நடுத்தர வேலைக்கு மணிக்கு முக்கால் லிட்டர் அளவு பெரும்பாலோருக்குப் போதும். சாப்பாட்டை விடாமல், உப்போடு சாப்பிட வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி. தண்ணீர் மாதிரியே தெளிவாக, அடிக்கடி போய்க்கொண்டிருந்து, தலைவலியும் வாந்தியும் வந்து, வயிறு உப்பி, பேச்சும் குழறினால் அவருக்கு மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

வெயிலில் ஓடும் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், சண்டைக்கு வருகிறார் என்றால், வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வியர்க்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஓடி விழுந்தவருக்கு வியர்வை இருக்கத்தான் செய்யும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வருவதற்குள்ளேயே குளிர்விக்க வேண்டும். தொட்டியில் பனிக்கட்டித் தண்ணீர் இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்து வரை இறக்கலாம். இல்லையென்றால் பனிக்கட்டித் தண்ணீரில் நனைத்த விரிப்புகளால் சுற்றி, அவை சூடாக ஆக மாற்றிக்கொண்டே இருக்கலாம். முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பு குளிர்ந்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். குளிர்விக்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறப்பதுதான் உயிரைக் குடிக்கும் தவறு.

இருமல் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊர் ஊராக வந்த இளைஞர்களை ஒரே கூடத்தில் படுக்கவைத்தால் கிருமிகளும் கூடிவிடும். 1918-இல் அமெரிக்காவின் ஃபன்ஸ்டன், டெவன்ஸ் ராணுவ முகாம்களில் இன்ஃபுளுவென்சா பரவியது அப்படித்தான். முதல் உலகப் போரிலேயே, கட்டில்களின் இடைவெளி குறைந்தால் மூளைக்காய்ச்சல் கிருமியைச் சுமப்பவர்கள் கூடுவதை இங்கிலாந்தின் கேட்டர்ஹாம் முகாமில் கவனித்துச் சொன்னார்கள். கட்டில்களைத் தள்ளிப்போட இடமில்லை என்றால் ஒருவர் தலை இருக்கும் பக்கம் பக்கத்துக் கட்டிலுக்காரர் கால் வைத்துப் படுக்கலாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். முகாம்களில் காய்ச்சலும் இருமலும் பரப்பும் அடினோவைரஸ் என்ற கிருமிக்குத் தடுப்பு மாத்திரையை அமெரிக்க ராணுவம் 1971 முதல் கொடுத்து, தயாரிப்பு நின்றதால் 1999-இல் விட்டு, நோய் திரும்பவும் கூடியதால் 2011-இல் மறுபடி கொண்டுவந்தது. தம்பியின் முகாமில் என்னென்ன தடுப்பூசி போட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கண் கூச்சம், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் எழுப்பிச் சொல்ல வேண்டும்.

துப்பாக்கிச் சுடு தளத்தில் காதடைப்பானைச் சும்மா வாயிலில் செருகினால் பயனில்லை. நுரை அடைப்பானை விரல்களுக்கிடையில் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் தலைக்குப் பின்புறமாகக் காதை மேலே பின்னுக்கு இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். ரைபிள் வெடி 150 டெசிபலைத் தாண்டும். சுட்ட பிறகு காது ரீங்கரித்தால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

அனுப்ப வேண்டியவை: சாக்ஸ் ஆறு ஜோடி, அகலமான துணிப் பிளாஸ்டர், நகவெட்டி (நகம் நேராக வெட்ட வேண்டும், மூலையை வளைக்கக் கூடாது), பூஞ்சைக்குத் தெர்பினாஃபின் களிம்பு ஒரு குழாய், காதடைப்பான். வலி மாத்திரை அனுப்பவே வேண்டாம். சத்து மாத்திரை என்ற பெயரில் தசை வளர்க்கும் பொடிகளும் தூக்கம் விரட்டும் பொடிகளும் வேண்டாம். வெயிலில் இரண்டுமே துரோகம் செய்யும். கால்சியமும் வைட்டமின் டியும் பற்றிக் கேட்டால், அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெற்ற பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் எலும்பு விரிசலை ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைத்தன. மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே விழுந்த விரிசலுக்கு அது மருந்தல்ல.

டூர்னிக்கே வாங்குவதாக இருந்தால் இரண்டு வாங்குங்கள்: ஒன்று பழக, ஒன்று உண்மைக்கு. முறுக்கும் குச்சியும் பட்டையும் திரும்பத் திரும்ப இழுபட்டால் தளர்ந்துபோகும். பழகியதை உண்மைக் காயத்தில் போட்டால் முறுக்கும்போதே உடையலாம். மலிவான போலிகள் ஏராளம். ஆகவே எந்த வகையைப் பயிற்சியில் பயன்படுத்துகிறார்கள் என்று முகாமிலேயே கேட்டு அதையே வாங்குங்கள். காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது வராமல் வைத்து, ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, போட்ட நேரத்தை எழுத வேண்டும். இடது கையாலும் வலது கையாலும் எட்டும் இடத்தில் செருகி வைக்க வேண்டும். பையின் அடியில் கிடந்தால் இல்லாததற்குச் சமம்.

தொலைபேசி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் போர்க்காலம் என்பதால் சொல்கிறேன். 2022 மார்ச் 13-இல் உக்ரைனின் யாவோரிவ் பயிற்சி மையம் ஏவுகணைக்கு இலக்கானது. 2023 புத்தாண்டு இரவில் மாகியிவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டபோது, வீரர்கள் செல்பேசி பயன்படுத்தியதே காரணம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. 2018-இல் உடற்பயிற்சிச் செயலி ஒன்றின் ஓட்டப் பாதை வரைபடம் பல ராணுவத் தளங்களைக் காட்டிக்கொடுத்தது. தம்பி அனுப்பும் படத்தை உறவினர் குழுவில் போடாதீர்கள். கட்டடம், மரவரிசை, வண்டி எண் எதுவும் பின்னணியில் இருக்கலாம். “எங்கே இருக்கிறாய், எப்போது கிளம்புகிறாய்” என்று எழுத்தில் கேட்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் சித்தப்பாக்களும் மாமாக்களும்தான் பெருமையில் பகிர்ந்துவிடுவார்கள்.

அடுத்த கடிதத்தில் “உடம்பு எப்படி இருக்கிறது” என்று கேட்டால் “நல்லா இருக்கேன் அக்கா” என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: எந்தக் காலில் வலி, விரல் நுனியா உள்ளங்கையா? ராத்திரி வலிக்கிறதா? இந்த வாரம் எத்தனை மாத்திரை? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்? சாப்பாடு இறங்குகிறதா? தூக்கமும் சாப்பாடும் இரண்டுமே போய், எழுத்தில் “இனி என்ன இருக்கு” என்ற மாதிரி வரி வந்தால், அது கால் வலியைவிட அவசரம். கையில் துப்பாக்கி இருக்கும் இடம் அது. முகாமின் மருத்துவ அலுவலரையோ பிரிவுத் தலைவரையோ அன்றே நீங்களே தொடர்பு கொள்ளுங்கள். தம்பி கோபித்துக்கொள்வாரே என்று பார்க்க வேண்டாம். கால் கேள்விகளுக்கு “விரல் நுனி, ராத்திரியும்” என்று பதில் வந்தால், மறுநாள் காலை மருத்துவர் வரிசையில் முதல் ஆளாக நிற்கச் சொல்லுங்கள். சொல்ல வேண்டிய அந்த நாலு வாக்கியத்தையும் கடிதத்தின் அடியில் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள்; சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்ளட்டும்.